அம்மாவின் பயாப்சி ரிப்போர்ட்டை மறுபடி எடுத்து வாசியுங்கள்

கேள்வி: எங்கள் வீடு குமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம். அம்மாவுக்கு 52 வயது. இருபது வருடம் முந்திரி ஆலையில் பருப்பு உடைத்தவர். முறுக்கான் (புகையிலை சேர்த்த வெற்றிலை பாக்கு) போடும் பழக்கம் உண்டு. நான்கு மாதத்துக்கு முன்பு வலது கன்னத்துப் புற்றை அறுவை செய்து எடுத்து, நெஞ்சிலிருந்து சதை கொண்டுவந்து மூடினார்கள். வெளியே கட்டி எதுவும் தெரியாதபோதும் கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள், ஏன் என்று தெரியவில்லை. பிறகு 30 நாள் ரேடியேஷன். அது முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. கீமோ கொடுக்கவில்லை. பக்கத்துப் படுக்கையில் இருந்தவருக்குக் கொடுத்தார்கள், அதனால் பயமாக இருக்கிறது. துபாயில் இருக்கும் அத்தான், ரத்தத்தில் புற்றின் டிஎன்ஏவைத் தேடினால் மறுபடி வருவதை 94 சதவீதம் சரியாகச் சொல்லிவிடலாம் என்று ஒரு கட்டுரை அனுப்பினார். இங்கே ஒரு பரிசோதனைக் கூடத்தின் ஆள், பயாப்சி பிளாக்கை (மெழுகில் பதித்த சதைத் துண்டை) கொடுத்தால் மரபணுவைப் பார்த்து நோய் திரும்புமா என்று சொல்வோம், ஒன்றே கால் லட்சம் ஆகும் என்கிறார். அதற்குப் பணம் இல்லையென்றால் குறைந்த விலையில் ‘கேன்சர் மார்க்கர் பேக்கேஜ்’ இருக்கிறதாம். அம்மாவின் வளையலை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறோம். புகையிலை இல்லாமல் வெறும் வெற்றிலை பாக்கு போடலாமா, மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) மீனும் எப்போது சாப்பிடலாம் என்று அம்மா கேட்கிறார். ரிப்போர்ட் நகல் இணைத்திருக்கிறேன்.

பதில்:

தம்பி, வளையலை அடகு வைக்க வேண்டாம். நீங்கள் கேட்டவற்றில் அவசரமானது இதுதான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணத்தைக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்து வாசியுங்கள்.

நான் நோய்க்குறியியல் மருத்துவர், அதாவது பயாப்சி பார்க்கிறவள். அறுவை அரங்கில் வெட்டியெடுத்த சதை என் போன்றவர்களின் மேசைக்குத்தான் வரும். நாங்கள் பார்த்துச் சொல்வதை வைத்துத்தான் ரேடியேஷன் போதுமா, கீமோவும் வேண்டுமா என்று முடிவெடுப்பார்கள். முப்பது வருடத்துக்கு மேலாக இந்த வேலையில் இருக்கிறேன். கன்னமும் நாக்கும் ஈறும் வராத வாரம் என் நினைவில் இல்லை. அந்தச் சதைக்குரிய முகங்களை நான் பெரும்பாலும் பார்ப்பதில்லை. அதனால்தானோ என்னவோ, உங்களுடையதைப் போன்ற கடிதம் வந்தால் உடனே பதில் எழுதத் தோன்றுகிறது.

நோய் திரும்புமா என்பதைக் கணிக்க இன்றைக்கு நம் கையில் இருக்கும் மிக நம்பகமான காகிதம், நீங்கள் எனக்கு நகலெடுத்து அனுப்பிய அந்த இரண்டு பக்க ரிப்போர்ட்தான். அதை யாரும் உங்களுக்கு உட்கார வைத்து விளக்கவில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. வாருங்கள், ஒவ்வொரு வரியாகப் பார்ப்போம்.

கட்டியின் அகலம் 3 சென்டிமீட்டர், ஆழம் 8 மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் அகலத்தை மட்டுமே கணக்கில் எடுத்தோம். வாயைப் பொறுத்தவரை அகலத்தைவிட வேர் எவ்வளவு கீழே இறங்கியது என்பது முக்கியம் என்று பிறகு தெரிந்தது. 2018 முதல் நடைமுறைக்கு வந்த, புற்றின் நிலையைக் குறிக்கும் வகைப்பாட்டில் ஆழமும் சேர்ந்துவிட்டது. ஆழம் 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஒரு கணக்கு, 10-க்குள் இருந்தால் ஒரு கணக்கு, அதைத் தாண்டினால் வேறு கணக்கு. அம்மாவுடையது நடுவில் இருக்கிறது.

வெட்டிய ஓரத்துக்கும் புற்றுக்கும் இடையே மிகக் குறைந்த இடைவெளி 6 மில்லிமீட்டர். ஐந்துக்கு மேல் இருந்தால் ஓரம் சுத்தம் என்று எழுதுவோம். ‘சர்ஜன் ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டினேன் என்றாரே, இவர்கள் ஆறு என்கிறார்களே’ என்று சிலர் குழம்புவதுண்டு. உடம்பை விட்டு வெளியே வந்த சதை சுருங்கும். சதை கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் கிடந்தால் இன்னும் கொஞ்சம் சுருங்கும். இருவர் சொல்வதும் சரிதான்.

அடுத்தது கழுத்து. 34 நெறிக்கட்டிகளைப் பார்த்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றில் மட்டும் புற்று இருக்கிறது. வெளியே எதுவும் தெரியாதபோது கழுத்தை ஏன் வெட்டினார்கள் என்று நீங்கள் கேட்டதற்குப் பதில் அந்த ஒன்றுதான். கையால் தடவினாலும் ஸ்கேனில் பார்த்தாலும் அகப்படாத புற்று அதற்குள் இருந்தது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை இதே கேள்விக்கு ஓர் ஆய்வு நடத்தி 2015-இல் முடிவை வெளியிட்டது. ஆரம்ப நிலை வாய்ப் புற்றில் கழுத்தையும் முதலிலேயே எடுத்தவர்களில் மூன்றாண்டு முடிவில் 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். கட்டி தெரிந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம் பேர். அம்மாவின் சர்ஜன் சரியானதைச் செய்திருக்கிறார்.

இனி அந்தக் கீமோ விஷயம். ரிப்போர்ட்டில் ‘நெறிக்கட்டியின் உறையைத் தாண்டிப் பரவவில்லை’ என்று ஒரு வரி இருக்கிறது. நான் அதைத்தான் முதலில் தேடினேன். 2004-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாக நடந்த இரண்டு ஆய்வுகளின் முடிவுகள் வெளியாயின. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, அறுவைக்குப் பிறகு ரேடியேஷனோடு கீமோவும் கொடுத்ததில் தெளிவாகப் பலனடைந்தவர்கள் இரண்டு வகையினர் என்று தெரிந்தது: வெட்டிய ஓரத்தில் புற்று மிஞ்சியவர்கள், நெறிக்கட்டியின் உறையை உடைத்துக்கொண்டு புற்று வெளியே வந்தவர்கள். அம்மாவுக்கு இரண்டும் இல்லை. அதனால் கீமோ கொடுக்கவில்லை. பணத்துக்காகவோ மறதியாலோ அது விட்டுப்போகவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரரின் ரிப்போர்ட் வேறாக இருந்திருக்கும்.

நல்ல செய்தியை மட்டும் சொல்லிவிட்டு நகர்வது எனக்குப் பழக்கமில்லை. நரம்பைச் சுற்றிப் புற்று ஊர்ந்திருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். அது நல்ல அறிகுறி அல்ல. நெறிக்கட்டி ஒன்றில் இருந்ததும் அப்படித்தான். இந்த இரண்டுக்காகவும்தான் 30 நாள் ரேடியேஷன் கொடுத்தார்கள். ஆக, அம்மாவின் நோய் மிக லேசானதும் அல்ல, கைமீறியதும் அல்ல. திரும்ப வரும் வாய்ப்பு உண்டு. அதைக் குறைப்பதற்கு இன்றைய மருத்துவம் அறிந்தவை செய்யப்பட்டுவிட்டன.

‘ஓரம் சுத்தமாக இருந்தும் சிலருக்குத் திரும்ப வருகிறதே, அது ஏன்?’ மரபணுப் பரிசோதனை என்ற பேச்சே இந்தக் கேள்வியிலிருந்துதான் கிளம்பியது. இது என்னைப் பல வருடம் தூங்கவிடாத கேள்வியும்கூட.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கடற்கரை ஊர்க்காரர் ஒருவரின் நாக்கு என் மேசைக்கு வந்தது. எல்லா ஓரமும் சுத்தம் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். எட்டு மாதத்தில் அதே இடத்தில் புண். பழைய ஸ்லைடுகளை எடுத்து, ஒரு மதியம் முழுவதும் மறுபடி மறுபடி பார்த்தேன். என் மேலாளரிடம் காட்டினேன். ஓரம் சுத்தமாகவே இருந்தது. நான் தவறு செய்யவில்லை என்பது தெரிந்தும் மனம் ஆறவில்லை.

நாங்கள் ஓரத்தைப் பார்க்கும் விதத்தைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். சதையின் வெளிப்புறம் முழுவதும் மை பூசுவோம். பிறகு ரொட்டியை நறுக்குவதுபோல் நறுக்கி, முக்கியமான துண்டுகளை மெழுகில் பதித்து, நான்கைந்து மைக்ரான் தடிப்பில் சீவி, சாயமேற்றிப் பார்ப்போம். நான்கு மைக்ரான் என்பது தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு துண்டில் அப்படி ஓரிரு சீவல்தான் பார்க்க முடியும். சீவாமல் விட்ட பகுதியில் ஐம்பது செல்கள் ஒளிந்திருந்தால் யார் கண்ணுக்கும் படாது. இன்னொன்று, பார்வைக்கு முழுக்க ஒழுங்காகத் தெரியும் செல்லும் உள்ளே மரபணுவில் கெட்டுப்போயிருக்கலாம். மைக்ராஸ்கோப்புக்கு வடிவம்தான் தெரியும், உள்ளே இருக்கும் எழுத்து தெரியாது.

1995-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டேவிட் சிட்ரான்ஸ்கியின் குழுவினர் அந்த எழுத்தை வாசித்துப் பார்த்தார்கள். பி53 என்று ஒரு மரபணு. செல்லின் டிஎன்ஏ கெட்டால் அதைச் சரிசெய்யும்வரை பெருக விடாமல் தடுத்துவைப்பது அதன் வேலை. தலை, கழுத்துப் புற்றுகளில் மிக அதிகமாகப் பழுதடைவது அதுதான். மைக்ராஸ்கோப்பில் ஓரம் சுத்தம் என்று சொல்லப்பட்ட 25 பேரை எடுத்துக்கொண்டு, அவரவர் கட்டியில் இருந்த அதே பி53 பழுது ஓரத்திலும் இருக்கிறதா என்று தேடினார்கள். 13 பேருக்கு இருந்தது. அந்த 13 பேரில் 5 பேருக்கு நோய் அதே இடத்தில் திரும்பியது. ஓரத்தில் பழுது இல்லாத 12 பேரில் ஒருவருக்கும் திரும்பவில்லை. அந்தக் கட்டுரையை வாசித்த அன்று எனக்கு அந்தக் கடற்கரைக்காரர் நினைவுக்கு வந்தார். என் கேள்விக்கு யாரோ பதில் சொல்லிவிட்டதுபோல் இருந்தது.

ஆனால் அந்த எண்களை இன்னொரு முறை பாருங்கள். பழுது இருந்த 13 பேரில் 8 பேருக்கு அதுவரை நோய் திரும்பவில்லை. உங்கள் அம்மாவுக்கு இப்படி ஒரு பரிசோதனை செய்து ‘பழுது இருக்கிறது’ என்று வந்தால், அவர் அந்த ஐந்து பேரைச் சேர்ந்தவரா, எட்டுப் பேரைச் சேர்ந்தவரா என்று எப்படித் தெரியும்? தெரிந்துதான் என்ன செய்வோம்? ரேடியேஷன் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. முடிவு எப்படி வந்தாலும் அடுத்த மாதம் டாக்டரிடம் போய் வாயைத் திறந்து காட்ட வேண்டியதுதான். எந்தப் பரிசோதனைக்கும் பணம் கட்டுமுன் அந்த ஆளிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: ‘இதில் மோசம் என்று வந்தால் சிகிச்சையில் எதை மாற்றுவீர்கள், நல்லது என்று வந்தால் எதை நிறுத்துவீர்கள்?’ தெளிவான பதில் வராவிட்டால் அந்தக் காகிதம் உங்கள் வீட்டுக்குக் கூடுதலாக ஒரு பயத்தைத்தான் கொண்டுவரும்.

பி53 பற்றி அதற்குப் பிறகும் நிறைய வேலை நடந்தது. 2007-இல் வெளியான பெரிய ஆய்வில் 420 பேரின் கட்டிகளைப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவற்றில் அந்த மரபணு பழுதடைந்திருந்தது. அந்த மரபணு உண்டாக்கும் புரதத்தை அடியோடு குலைக்கும் வகைப் பழுது இருந்தவர்கள் குறைவான காலமே வாழ்ந்தார்கள். இது கூட்டத்தைப் பற்றிய உண்மை. கூட்டத்துக்குப் பொருந்துவதை ஒரு தாயின் தலையில் எழுத்தாக எழுதிவிட முடியாது. அதோடு, இத்தகைய ஆய்வுகளில் பலவும் புகை பிடிப்பவர்களும் மது அருந்துபவர்களும் நிறைந்த மேல்நாட்டில் நடந்தவை. நம் ஆட்களின் கன்னப் புற்று முறுக்கான் அடக்கும் இடத்தில் பிறப்பது. 2013-இல் நவி மும்பையிலுள்ள டாட்டா மையத்தினரும் கல்யாணியிலுள்ள தேசிய மருத்துவ மரபணுவியல் நிறுவனத்தினரும் சேர்ந்து இந்தியர்களின் கன்னம், ஈறு புற்றுகளின் மரபணுக்களை வாசித்தபோது, மேல்நாட்டுப் பட்டியலில் இருந்தவற்றோடு, அதுவரை கவனத்துக்கு வராத வேறு சில மரபணுக்களும் அடிக்கடி பழுதடைந்திருந்தன. அங்கே செய்த அளவுகோலை இங்கே அப்படியே வைத்து அளக்கக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

அத்தான் அனுப்பிய 94 சதவீதத்துக்கு வருகிறேன். அவர் பொய் சொல்லவில்லை. அன்பால் தேடி அனுப்பியிருக்கிறார், அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த எண் 2020-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் இருப்பது. ஆனால் அது வேறு நோய். ஹெச்.பி.வி. என்ற வைரஸால் தொண்டையின் டான்சில் பகுதியில் வரும் புற்று அது. அந்தப் புற்றுச் செல்கள் உடையும்போது வைரஸின் டிஎன்ஏ ரத்தத்தில் கலக்கும். 115 பேரைத் தொடர்ந்து சோதித்ததில், அடுத்தடுத்து இரண்டு முறை அந்த டிஎன்ஏ தெரிந்த 16 பேரில் 15 பேருக்கு நோய் திரும்பியது. 94 சதவீதம் என்பது அதுதான். ரத்தத்தில் அது ஒருமுறையும் தெரியாதவர்களில் ஒருவருக்கும் திரும்பவில்லை. அருமையான பரிசோதனைதான். ஆனால் வைரஸால் வராத கன்னப் புற்றில் தேட அந்த வைரஸ் டிஎன்ஏ இருக்காது.

வைரஸ் இல்லாத புற்றுக்கும் ரத்தப் பரிசோதனை உருவாகிவருகிறது. முதலில் அந்த நோயாளியின் கட்டியில் உள்ள பழுதுகளை வாசித்து, பிறகு அதே பழுதுகளை ரத்தத்தில் தேடுவார்கள். 2022-இல் ஐரோப்பாவிலிருந்து வெளியான ஒரு சிறு ஆய்வில், 17 பேரில் நோய் திரும்பியவர்கள் அனைவருக்கும் 108 நாள் முதல் 253 நாள் முன்னதாகவே ரத்தத்தில் அடையாளம் தெரிந்தது. எனக்கு இதில் நிறைய நம்பிக்கை உண்டு. என் காலத்திலேயே இது வழக்கமான சோதனையாகிவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இருந்தாலும் 17 பேர்தான். ரத்தத்தில் தெரிந்து கண்ணுக்குத் தெரியாத அந்த மாதங்களில் எங்கே வெட்டுவது, என்ன மருந்து கொடுப்பது, அப்படிச் செய்தால் ஆயுள் கூடுமா என்பதெல்லாம் இனிமேல்தான் ஆராய்ந்து முடிவாக வேண்டும். ஏதாவது புற்றுநோய் மையத்தில் ஆராய்ச்சிக்காக, கட்டணமின்றி, எழுத்து மூலம் ஒப்புதல் வாங்கி இதைச் செய்தால் அம்மாவைச் சேர்க்கத் தயங்காதீர்கள். வளையலை விற்றுச் செய்யும் கட்டத்துக்கு இது இன்னும் வரவில்லை.

இந்த ரத்தப் பரிசோதனைக்கு இன்னொரு குறை உண்டு. அதை விற்பவர்கள் சொல்லமாட்டார்கள். நம் பக்கத்தில் வாழை வைத்தவர்களுக்கு வாடல் நோய் தெரியும். வாடிய வாழையைத் தூரோடு பிடுங்கி எறிந்தாலும் நோய் மண்ணில் கிடக்கும். அதே தோட்டத்தில் வேறொரு கன்று பிறகு வாடும். வாயும் அப்படித்தான். பல வருடம் முறுக்கான் சாறு ஊறிய வாயில் கெட்டது அந்த ஒரு கன்னம் மட்டுமல்ல. 1953-இலேயே ஸ்லாட்டர் என்ற அமெரிக்க சர்ஜன் 783 பேரின் வாய்ப் புற்றுகளைப் பார்த்து இதைச் சொன்னார்: கட்டியைச் சுற்றியுள்ள, பார்வைக்கு நல்லதாகத் தெரியும் தோலும் ஏற்கெனவே பாதை மாறியிருக்கிறது. அதனால் ‘மறுபடி வந்துவிட்டது’ என்று நாம் சொல்வதில் சில, உண்மையில் திரும்பி வந்த பழைய புற்று அல்ல. வேறிடத்தில் முளைத்த புதுப் புற்று. அதற்கு அதன் சொந்தப் பழுதுகள் இருக்கும். பழைய கட்டியின் பழுதுகளை மட்டும் தேடும் ரத்தப் பரிசோதனை அதைக் கண்டுகொள்ளாமல் போய்விடலாம். நல்ல டார்ச்சும் கையுறை போட்ட விரலும் கண்டுபிடித்துவிடும்.

கண்ணால் பார்ப்பதை யாரும் குறைவாக நினைக்க வேண்டாம். குடலும் கணையமும் உள்ளே ஒளிந்திருக்கின்றன. வாயைத் திறந்தால் தெரிகிறது. நம் எல்லையைத் தாண்டினால் திருவனந்தபுரம் மாவட்டம். அங்கே 1996-இல் தொடங்கி 13 பஞ்சாயத்துகளில் மண்டல புற்றுநோய் மையத்தினர் ஓர் ஆய்வு நடத்தினார்கள். பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய் மக்களின் வாயைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றால் ஏற்படும் மரணம் 34 சதவீதம் குறைந்தது என்று 2005-இல் முடிவு வந்தது. அது நோய் வராதவர்களிடம் நடந்த ஆய்வு என்பது உண்மை. ஆனால் பழக்கப்பட்ட கண் எவ்வளவு பார்க்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

‘மார்க்கர் பேக்கேஜ்’ பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: வேண்டாம். சி.இ.ஏ. என்ற ரத்தச் சோதனை குடல் புற்றைத் தொடர்ந்து கவனிக்க உதவும், சி.ஏ.125 என்பது சினைப்பைப் புற்றுக்கு உதவும். கன்னப் புற்றுக்கு இரண்டும் உதவாது. புகை பிடிப்பவருக்குச் சி.இ.ஏ. சும்மாவே கொஞ்சம் கூடுதலாக இருக்கும். இப்படி ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு ஸ்கேன் மேல் ஸ்கேனாக அலைந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். பயந்துபோன வீட்டில் போய் இதை விற்பவர்கள் மீது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

இனி, அந்தப் பணத்தை எதற்காகப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று சொல்கிறேன். திரும்ப வரும் நோய் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள் வரும். முதல் வருடம் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், இரண்டாம் வருடம் இரண்டு முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் அம்மா டாக்டரிடம் வாயையும் கழுத்தையும் காட்ட வேண்டும். நம் ஊரில் இது தவறுவது பெரும்பாலும் பஸ் செலவாலும் ஒருநாள் கூலி போவதாலும்தான். ‘நன்றாகத்தானே இருக்கிறேன், அடுத்த மாதம் போகலாம்’ என்று அம்மா சொல்வார். விடாதீர்கள். குழித்துறையில் ரயில் ஏறிப் போகிறீர்கள் என்றால், புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. சிகிச்சை பெற்ற மருத்துவமனையிலிருந்து அதற்கான சான்றிதழ் படிவத்தை நிரப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

இடையில் நீங்களே வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத புண், புதிதாக வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கழுத்தில் புதுக் கட்டி, காதில் காரணமில்லாத வலி, தாடையிலோ உதட்டிலோ மரத்துப்போதல், சற்றுத் திறந்துகொண்டிருந்த வாய் திடீரென்று இறுகுதல் என்று எதைக் கண்டாலும் அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம். காது வலி வந்தால் காது டாக்டரிடம் மட்டும் காட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். வாய், தொண்டையிலுள்ள நோய் காதில் வலியாகப் பேசும்.

ஒரு ரத்தப் பரிசோதனை நானே சொல்கிறேன். கழுத்தில் ரேடியேஷன் பட்டதால் தைராய்டு மெல்ல மந்தமாகலாம். டி.எஸ்.எச். என்ற சோதனையை ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும். சில நூறு ரூபாயில் முடியும். அம்மா சோர்ந்து, குளிர்கிறது என்று சுருண்டு படுத்தால் ‘புற்று வந்துவிட்டதோ’ என்று வீடே அழுவதற்கு முன் இதைப் பாருங்கள். அதேபோல், பல் வலித்தால் பக்கத்தில் எங்கேயாவது போய்ப் பிடுங்கிவிடக் கூடாது. ரேடியேஷன் பட்ட தாடையெலும்பு எளிதில் ஆறாது. முதலில் சிகிச்சை கொடுத்தவர்களைக் கேட்க வேண்டும். வாய் திறக்கும் பயிற்சி சொல்லிக்கொடுத்திருப்பார்கள். வலித்தாலும் தினமும் செய்ய வையுங்கள்.

அந்த பிளாக் விஷயம். அதைத் தெரியாத ஆள் கையில் கொடுக்காதீர்கள். விரல் நுனி அளவு மெழுகுக் கட்டிதான், ஆனால் அம்மாவின் நோயின் மூலப்பிரதி அது. அறுவை செய்த மருத்துவமனையிலேயே எண் போட்டு வைத்திருப்பார்கள். அந்த எண் ரிப்போர்ட்டின் மேல் மூலையில் இருக்கிறது, தனியாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை நோய் திரும்பினால் பிடி-எல்1 போன்ற சோதனைகளை அதில் செய்து, எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்து பயன்படுமா என்று பார்ப்பார்கள். அப்போது சிகிச்சையை மாற்ற அந்த விடை உதவும். ஒவ்வொரு முறையும் சீவச் சீவ பிளாக் குறைந்துகொண்டே போகும். வீண் சோதனைக்குச் சீவிவிட்டால் வேண்டிய நேரத்தில் சதை இருக்காது. எப்போதாவது உங்கள் கைக்கு வாங்க நேர்ந்தால் வெயில் படாத இடத்தில் வையுங்கள். வண்டிப் பெட்டிக்குள் வைத்து உருகிப்போன பிளாக்கை நான் வாங்கியிருக்கிறேன்.

வெறும் வெற்றிலை பாக்கு போடலாமா என்று அம்மா கேட்டதற்கு, கூடாது என்றே சொல்லுங்கள். என் அம்மாவும் முறுக்கான் போட்டவர்தான். கல்யாண வீட்டில் தாம்பாளம் வந்தால் கை தானாகப் போகும் என்பதும், வேலைத்தலத்தில் பசியை அடக்க அதுதான் துணை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் பாக்கு தனியாகவே புற்றை உண்டாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை புகையிலை சேர்ந்த வெற்றிலையை 1985-இலேயே குற்றவாளி என்றது. புகையிலை இல்லாத வெற்றிலை பாக்கையும், பாக்கை மட்டுமேயும் 2004-இல் அதே பட்டியலில் சேர்த்தது. காய்ந்த பாக்கு, பச்சைப் பாக்கு என்ற வேறுபாடு இதில் கிடையாது. நம் மாவட்டத்துக்கு இது புதுச் செய்தியும் அல்ல. எவரெஸ்ட் ஏறப்போன சோமர்வெல் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய அதே நெய்யூர் மருத்துவமனையிலிருந்து, இயன் ஆர் என்ற மருத்துவர் திருவிதாங்கூரில் வெற்றிலை போடுவோரின் வாய்ப் புற்று பற்றி 1933-இல் லான்செட் இதழில் எழுதினார். அம்மாவின் ஊரிலிருந்து நெய்யூர் எவ்வளவு தூரம் என்று அவருக்கே தெரியும். வாய் சும்மா இருக்க முடியவில்லை என்றால் ஒரு கிராம்போ ஏலக்காயோ போதும். அதுவும் வாய்ப்புண் முழுவதும் ஆறிய பிறகு.

மரச்சீனி இப்போதே கொடுக்கலாம். நார் எடுத்து, குழைய வேகவைத்து, தேங்காய்ப்பால் விட்டு மசித்துக் கொடுங்கள். மீனும் கொடுங்கள், புரதம் இல்லாமல் கன்னத்துச் சதை தேறாது. சாளையில் முள் அதிகம், தைத்தால் ஆறுவது கடினம். நெய்மீனோ பாரையோ வாங்கி, முள்ளைக் கையால் தடவிப் பார்த்து எடுத்துவிட்டு, மிளகாயும் புளியும் குறைத்த குழம்பில் போடுங்கள். எச்சில் சுரப்பு குறைந்திருக்கும், அதனால் ஒவ்வொரு வாய்க்கும் கொஞ்சம் கஞ்சித்தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். சாப்பிட்டு முடித்ததும் உப்பும் சோடா உப்பும் கலந்த வெதுவெதுப்பான நீரில் கொப்பளித்த பிறகு, அப்படியே டார்ச்சை எடுத்து அம்மாவின் வாயை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.